வேனின் வடபாகம்

ஆகஸ்ட் 9, சனி

இன்று வேனைப் பங்கு பிரித்தார்கள். சிரிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாதவர். கோவளம் போகிற வழியில் செலவுக்குக் காசில்லாமல் நின்ற ஒரு ஜெர்மன் தம்பதியிடம் அந்தக் காலத்தில் இந்த வேனை வாங்கி, எங்கள் தோப்பில் நிறுத்தி, சாகும்வரை அதிலேயே குடியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாம் உண்டு. ‘வேன் என் தம்பி பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி’ என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஒன்று நான், துளசிமணி, உடுமலையில் மெத்தை தலையணைக் கடை வைத்திருப்பவள். இன்னொன்று என் அண்ணன் நாச்சிமுத்து, மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

விற்றுக் காசைப் பிரித்துக்கொண்டால் முடிந்தது. ஆனால் விலை பேச நாங்கள் இருவரும் முதலில் பேச வேண்டும். ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாது. அதனால் பாகப்பிரிவினை.

பத்திர எழுத்தர் குப்பண்ணன் வந்து வேனை இரண்டு சுற்றுச் சுற்றினார். அவருக்குத் தோட்டம், வீடு, கிணற்றில் பங்கு, இதுதான் எழுதிப் பழக்கம். “மூத்தவருக்குத் தென்பாகமுங்க, எளையவங்களுக்கு வடபாகமுங்க. அதானுங்க மொற” என்றார். வேன் கிழக்கே பார்த்து நின்றது. அதனால் வலப்பக்கம் முழுக்க அண்ணனுக்கு, இடப்பக்கம் முழுக்க எனக்கு. பத்திரத்தில் எல்லையும் போட்டார்: ‘கிழக்கே காய்ப்புத் தென்னை, மேற்கே மாட்டுத் தொட்டி, இதற்கு உட்பட்ட வேனில் வடபாகம்.’

ஸ்டியரிங்கும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் என் பாகத்தில் வந்தன. ஜெர்மன் வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். உள்ளே நுழையும் கதவு தென்பாகத்தாருக்கு. நான் டிரைவர் கதவு வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். பரவாயில்லை, அவர் வாசலை மிதிப்பதைவிட அது மேல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நியாயத்தை எழுதிவைக்கிறேன். தென்பாகத்தார் மகன் கல்யாணப் பத்திரிகையில் சொந்தபந்தம் அத்தனை பேர் பெயரும் இருந்தது. என் வீட்டுக்காரர் ரங்கராசு பெயர் மட்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சு என்றார்கள். வீட்டு மாப்பிள்ளை பெயர் எப்படி விட்டுப்போகும்?

“ஏனம்மிணி, பேரு விட்டுப்போன எனக்கே ரோசமில்ல, உனக்கெதுக்கு?” என்று இவர் இன்றைக்கும் கேட்கிறார். இவருக்கு இல்லாததால்தான் எனக்கு இரண்டு பங்கு தேவைப்படுகிறது.

நவம்பர் 27 என் மகள் சங்கவிக்கு முகூர்த்தம். அவளுக்குத் தாய்மாமன் ஒரே ஒருவர்தான். “மாமன் சீரு வெக்காம நான் மணவறையில உக்கார மாட்டேன், சொல்லிப்போட்டேன்” என்கிறாள். அவராக வந்து ஒரு வார்த்தை பேசட்டும், மேளம் வைத்து அழைக்கிறேன். நானாகப் போகமாட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

என் பாகத்தைச் சீர் செய்யலாம் என்று இறங்கியிருக்கிறேன். விற்கிற அன்றைக்கு என் பாதியாவது நல்ல விலைக்குப் போகட்டும் என்ற எண்ணம்தான், வேறொன்றும் இல்லை. கடையைப் பெண்களிடம் விட்டுவிட்டுக் காலையிலேயே தோப்புக்கு வந்துவிடுகிறேன்.

தரைப் பலகை ஊறிப்போய் அப்பளமாய் நொறுங்குகிறது. மேல்கூரைத் துணிக்குள் எலிக் குடும்பம். அலமாரிக் கதவுகள் மட்டும் சும்மா சொல்லக்கூடாது, ஜெர்மன்காரன் வளைத்து வளைத்துச் செய்திருக்கிறான். தேய்த்தால் இன்னும் பளபளக்கும்.

தச்சு வேலைக்கு அப்பாஸ் பாயை வரச் சொல்லியிருந்தேன். பத்து மணிக்குப் பார்த்தால் தென்பாகத்தாரும் ஒரு பை நிறைய வயரோடு வந்து நிற்கிறார். பெங்களூரில் மகன் வீட்டிலிருந்து பங்கு பிரிக்க வந்தவர், முடிந்ததும் திரும்பிப் போவதுதானே? போகக் காணோம்.

ஆகஸ்ட் 23, சனி

வேனுக்குள் நீளவாக்கில் நடுவில் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டாகிவிட்டது. கோடு போட்டவர் பாய். அவரை நம்பத்தான் இருவருக்கும் மனம் வந்தது.

“பாய், அவருகிட்டச் சொல்லுங்க, அவரு ட்ரில்லு மெஷின் என்ற பக்கம் நீட்டீட்டு இருக்குது.”

“பாய், அவங்ககிட்டச் சொல்லுங்க, மெஷினு என்ற பாகத்துலதான் இருக்குது, சத்தம் மட்டுந்தான் அக்கட்டால போகுது.”

மூவரும் நிற்கிற இடம் ஒரு கட்டில் அகலம்கூட இல்லை. மத்தியானம் பாய் சுத்தியலைக் கீழே வைத்தார். “அக்கா, அண்ணா, நான் தச்சு வேலைக்கு வந்தவனுங்க. தபால் கொடுக்கிற வேலைக்கு ஆளு பாத்துக்குங்க” என்று கும்பிட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

ஆள் கிடைத்துவிட்டது. முன் இருக்கைகளுக்குப் பின்னால், மஞ்சள் கோட்டுக்கு நேர் மேலே, பெரியப்பா மாட்டிய முருகன் படம் ஒன்று தொங்குகிறது. பாதி மயில் என்னுடையது, பாதி அவருடையது.

“முருகா, ஆரோ ஸ்க்ரூ ட்ரைவரைத் தொட்டி மேல வெச்சிட்டுத் தேடீட்டு இருக்கறாங்க” என்றேன்.

“முருகா, எடுத்துக் குடுத்தாப் புண்ணியமாப் போகும்” என்றார்.

எடுத்துக் கோட்டின் மேல் வைத்தேன். பாய் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

செப்டம்பர் 6, சனி

தரை போட்டாயிற்று. எனக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம், அவருக்கு மரக் கலர். மேல்கூரை எனக்கு இளம்பச்சை, அவருக்குச் சந்தனம். மடக்கு மேசையின் நடுவில் கீல் வைத்தாயிற்று, அவரவர் பாதியை அவரவர் மடக்கிக்கொள்ளலாம். உள்ளே நின்று பார்த்தால் இரண்டு வேனை அறுத்து ஒட்டினமாதிரி இருக்கிறது. இவர் பார்த்துவிட்டு, “எந்தப் பக்கம் பாத்தாத் தலை சுத்தாதுன்னு சொல்லு, அங்க உக்காந்துக்கறேன்” என்றார்.

தென்பாகத்தார் தன் பாகத்தில் காலண்டர் மாட்டியிருக்கிறார். ஒரு கயிறு கட்டிப் பனியனும் வேட்டியும் காயப்போட்டிருக்கிறார். இடத்தைப் பிடித்துக்கொண்டேன் என்று காட்டுகிற வீம்பு.

செப்டம்பர் 13, சனி

பின்பக்கக் கட்டிலையும் கோடு இரண்டாகப் பிரிக்கிறது. என் பாதிக்கு மெத்தை தைத்தேன். ஃபோம் பாளமாகத்தான் வருகிறது, பாதி வெட்டினால் மீதி வீண். அதையும் தைத்து அவர் பக்கம் போட்டுவிட்டேன். உறைத்துணியும் மிச்சம் இருந்தது. முதுகு படுகிற இடத்தில் கொஞ்சம் கெட்டியாக வைத்தேன், கம்பம் ஏறி ஏறி அவருக்கு இடுப்பு போய்விட்டது என்று எப்போதோ கேட்ட ஞாபகம். வீணாகப் போகக்கூடாது என்பதற்காகத்தான்.

இன்று போனால் என் அடுப்புக்கு மேலே புதிதாக ஒரு விளக்கு எரிகிறது. “முருகா, வயரு மிச்சமாயிடுச்சு” என்றார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூசை. வேனுக்கு இரண்டு பூசை நடந்தது. கண்ணாடியில் என் பாதிக்கு நான் சந்தனம் வைத்தேன், அவர் பாதிக்கு அவர். சக்கரத்துக்கு ஆளுக்கு இரண்டு எலுமிச்சை. பூசணிக்காய் ஆளுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் உடைத்தோம், யார் பூசணி முதலில் உடைந்தது என்று பாயைக் கேட்டோம். அவர் இன்றைக்கு லீவு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொரி கடலையைத் தென்பாகத்தார் தன் வாசலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். மதியச் சாப்பாடும் அதுதான்போல.

அக்டோபர் 6, திங்கள்

பெரிய மழை வரப்போகிறதாம். இன்ஜினைச் சரிசெய்த மெக்கானிக் வேனைத் தகரக் கொட்டகைக்குள் ஓட்டி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். அதுவும் எப்படி? மேற்கே பார்த்து.

அக்டோபர் 7, செவ்வாய்

எனக்குத்தான் முதலில் உறைத்தது. வண்டி திரும்பிவிட்டது. இப்போது தெற்கே இருப்பது என் பக்கம்! குப்பண்ணனுக்குப் போன் போட்டேன்.

“பத்திரத்துல தென்பாகம்னுதானுங்க இருக்குது, ஸ்டியரிங் பாகம்னு இல்லீங்களே. தெக்குன்னாத் தெக்குதானுங்க. அதுவும் தென்னைக்கும் தொட்டிக்கும் நடுவுல வண்டி இல்லீன்னா எல்லையே தப்பிப்போச்சுங்க.”

“இப்ப என்ன பண்றது?”

“நிலம் நகந்து நான் பாத்ததில்லீங்க” என்று வைத்துவிட்டார்.

ஆக, பார்த்துப் பார்த்து இழைத்த என் அடுப்பும் அலமாரியும் சட்டப்படி தென்பாகத்தாருக்கு. அவர் கதவும் காலண்டரும் எனக்கு. எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு அளவில்லை. அவரோ வெளியே நின்று முகம் வெளுத்துப் போய், “முருகா, என்ற சாமானெல்லாம் அங்க இருக்குது” என்றார். சாமான் என்ன பெரிய சாமான்!

அக்டோபர் 9, வியாழன்

சட்டப்படி என்னுடையது என்றால் நான் பார்க்கலாம்தானே? அவர் கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தேன்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி. மடித்த சட்டைகள், போர்வை, பல்லுப்பொடி, பிரஷர் மாத்திரை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். அலமாரியில் அண்ணியும் பேரனும் பெங்களூரில் எடுத்த படம். பாதி ரொட்டிப் பொட்டலம், வாழைப்பழம். கொசுவர்த்திச் சாம்பல் கவனமாக ஒரு மூடியில் கொட்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருப்பதாக அல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்? வேலை செய்கிற இடத்தில் எவன் மாத்திரையை வைப்பான்?

எனக்கென்ன. பெட்டியை இருந்த மாதிரியே வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை, வெயில் அதிகம்.

அக்டோபர் 11, சனி

டிராக்டர் வைத்து, ஆள் பிடித்து, வேனை வெளியே இழுத்துப் பழையபடி கிழக்கே பார்க்கத் திருப்பி, தென்னைக்கும் தொட்டிக்கும் நடுவிலேயே நிறுத்தினேன். நனையாமல் மேலே தார்ப்பாயும் கட்டினேன். எல்லாம் என் செலவு. என் பச்சைத் திரைச்சீலைக்கு அவர் பாகத்துச் சந்தனக் கலர் ஒத்துவராது, அதற்காக.

தென்பாகத்தார் தன் கதவைத் திறந்து, பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நின்று நிதானமாக முருகனைக் கும்பிட்டார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் மிஞ்சியது. ஒரு தூக்குப்போசியில் போட்டு, கூடவே கறிக்குழம்பும் சோறும் மஞ்சள் கோட்டின் மேல் வைத்துவிட்டு வந்தேன். நாய்க்கு.

அக்டோபர் 21, செவ்வாய்

நாய் தூக்குப்போசியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

பத்திரிகை எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, ஒருவரைத் தவிர. தாய்மாமன் பெயரைத் தனி வரியில், கொட்டை எழுத்தில், முதலில் போட்டிருக்கிறேன். பிழை பார்க்க அச்சகத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன். பெயர் விட்டுப்போகாமல் எப்படி அச்சடிப்பது என்று நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும்.

“போய்க் குடுத்துட்டு வா அம்மிணி, நாள் நெருங்கீருச்சு” என்றார் இவர்.

“எந்த ஊட்டுக்குப் போய்க் குடுக்கறது?” என்றேன். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே விளங்கியது. பத்திரிகையை வீட்டுக்குப் போய், தட்டு வைத்து, உட்கார்ந்து கொடுக்க வேண்டும். வழியில் நிறுத்திக் கொடுத்தால் அவமானம். வீடில்லாதவருக்கு எங்கே போய்க் கொடுப்பது?

இவர் தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு.

நவம்பர் 14, வெள்ளி

பட்டுப்புடவை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை வைத்து எடுத்துக்கொண்டு இவரோடு தோப்புக்குப் போனேன். டிரைவர் கதவுப் பக்கம் போகவில்லை. வேனைச் சுற்றிக்கொண்டு தெற்கே போய், அவர் கதவைத் தட்டினேன்.

திறந்தார். தட்டைப் பார்த்தார். பழக்கத்தில் படத்தின் பக்கம் திரும்பி, “முருகா, ஊட்டுக்கு வந்தவங்கள…” என்று ஆரம்பித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: “வா அம்மிணி. வாங்க மாப்ள.”

ஒன்பது வருடம். எனக்குக் கண் மறைத்துவிட்டது, படியில் தடுக்கினேன்.

நான் தைத்த மெத்தையிலேயே எங்களை உட்காரவைத்தார். பத்திரிகையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். இரண்டு தடவை படித்தார். “என்ற பேர இவ்வளவு பெருசாவா போடறது” என்றார். பிறகு மடித்துத் தட்டிலேயே வைத்தார்.

“நான் வர்ல அம்மிணி.”

“ஏன்?”

“பெங்களூர்ல பையன் வீடு வாங்கறதுக்கு இங்க இருந்த ஊட்டை வித்தாச்சு. அந்தப் பதினாலாவது மாடியில எனக்கு மூச்சு முட்டுது. உங்க அண்ணி பேரனப் பாத்துக்கிட்டு அங்கயே இருக்கறா. பென்சன் மாத்திரைக்கே சரியாப் போகுது. வெறுங்கையோட மாமன் வந்து நின்னாச் சபையே சிரிக்கும். நீயும் தலை குனிஞ்சு நிக்கோணும்.”

“சீரு ஆரு கேட்டா? நீங்க வந்தாப் போதும். எங்க ஊட்டுக்கு வந்து இருங்க.”

“பொறந்தவ ஊட்டுல போயிக் குந்தற ஆளா நானு?”

இவர் ஏதோ சொல்லப் பார்த்தார். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அந்த வீம்பு இருக்கிறதே, அது எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

மூன்று தடவை போய்க் கேட்டுவிட்டேன். “பாக்கலாம்” என்கிறார். சங்கவி போய் அழுதாள். அவளிடமும் “பாக்கலாம் கண்ணு.” பத்திரிகையில் பெயரைப் பெரிதாகப் போட்டது தப்பாகப் போயிற்றே. பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார், எல்லாரும் கேட்பார்கள். என் அண்ணன் வராவிட்டால் எனக்கு இந்தக் கல்யாணமே ருசிக்காது. இதை இங்கே எழுதிவிட்டேன், யாரும் படிக்கப்போவதில்லை.

நவம்பர் 27, வியாழன்

கல்யாணம் முடிந்தது. கால் இரண்டும் கழன்று விழுகிறமாதிரி வலிக்கிறது, எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

விடிந்து மாமன் சீர் நேரம். ஐயர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். சங்கவி மணமகள் அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் மண்டப வாசலுக்கும் உள்ளுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். அப்போது தெருமுனையில் மேளச் சத்தம். எட்டிப் பார்த்தால் வேன் வருகிறது.

வேனின் வலப்பக்கம் முழுக்கச் செவ்வந்தி மாலை, மாவிலை, வாழைக்கன்று, பட்டு சுற்றிய கதவு. இடப்பக்கம் ஒரு இலைகூடக் கிடையாது. கண்ணாடியில் சந்தனம் பாதிவரை வந்து கோடு கிழித்தமாதிரி நிற்கிறது. ஸ்டியரிங்கில் அண்ணன். பட்டு வேட்டி. என் பாகத்து இருக்கையில் என்னைக் கேட்காமல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வருகிறார். சனம் கல்யாணத்தை விட்டுவிட்டு வேனைச் சுற்றி நின்றுகொண்டது. ஒருபக்கம் மாலை போட மறந்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, அப்பாஸ் பாய் பொறுமையாகப் பிரிவினைக் கதையை விளக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் இறங்கி, தாம்பாளத்தைத் தலைமேல் வைத்து, மேளத்தோடு மணவறைக்கு நடந்தார். சங்கவி ஓடியே வந்துவிட்டாள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், ஒரு புடவை. புடவைக்கு மேல் குப்பண்ணன் எழுதிய பத்திரம்.

மைக்கில் சீர் அறிவிக்கிற மைக்செட்காரர் வாசித்தார்: “பெண்ணின் தாய்மாமன் நாச்சிமுத்து அவர்கள், சீராக… வேனில் தென்பாகம்.” தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு தடவையும் வாசித்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அண்ணன் நிமிர்ந்து நின்றார். வெறுங்கையோடு வரவில்லை என்று அந்த நிற்பிலேயே தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாகத்தில்தான் அவருடைய கட்டில் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, ஒரு தட்டும் ஒரு டம்ளரும் இருக்கிறது. படுக்கிற இடத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார் பாவி மனுஷன். கல்யாணம் முடிந்தால் இன்றைக்கு எங்கே போய்ப் படுப்பார்?

சீர் கொண்டுவந்த கூடப்பிறந்தவனைக் கூடப்பிறந்தவள் வெறுமனே அனுப்பக்கூடாது, வேட்டி துண்டு வைத்துக் கொடுக்க வேண்டும். அது எங்கள் முறை. வேட்டியைத் தட்டில் வைத்தேன். என் பாகத்துப் பத்திரம் கைப்பையில்தான் இருந்தது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து வெளியே எடுத்ததில்லை, யாராவது வம்புக்கு வந்தால் காட்டலாம் என்று வைத்திருந்தேன். அதை எடுத்து வேட்டிமேல் வைத்து நீட்டினேன். இவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். மைக்செட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தயங்காமல் வாசித்தார்: “தங்கை துளசிமணி அவர்கள் அண்ணனுக்கு, வேனில் வடபாகம்.”

கூட்டம் மறுபடியும் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

“என்ன அம்மிணி இது? முறையில இல்லாதது?”

“வேட்டி முறைதானுங்ணா. மேல இருக்கறது என்ற பாகம். பாதிக் கட்டில் அங்கதான இருக்குது, அடுப்பும் தொட்டியும் அங்கதான இருக்குது. இனிமே ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்காதீங்க. உங்க ஊட்டுல நீங்க சமைச்சுச் சாப்புடுங்க.”

அண்ணன் தட்டை வாங்கினார். புதுத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் நிற்கவில்லை, அத்தனை சனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன். சங்கவி எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மைக்செட்காரர் அடுத்த பெயரை வாசிக்காமல் காத்திருந்தார்.